அம்மா சொன்ன "டீக் ஹை"

என் அம்மாவுக்குத் தெரிந்த இந்தி இரண்டே சொற்கள்: "டீக் ஹை". கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்த நாள் முதல் காய்கறிக்காரரிடமும் பக்கத்து வீட்டு சர்தாரிணியிடமும் இதை வைத்தே காலம் தள்ளிவிட்டார். மருத்துவமனையில்தான் அது விபரீதமாகப் பார்த்தது.

2016-ல் அம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய். அறுவை, டாக்ஸோரூபிசின் மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து நோய் விலகியது. மாரியம்மனுக்கு மாவிளக்கும் போட்டாயிற்று. 2023-ல் மாடி ஏறும்போது மூச்சு வாங்கியதை வயதின் கோளாறு என்றே நினைத்தோம். எக்கோ எடுத்ததில், இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் குறைந்திருந்தது. அந்த மருந்தும், இடது மார்புக்குத் தரும் கதிர்வீச்சும் பல ஆண்டுகள் கழித்துக்கூட இதயத்தைப் பாதிக்கலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. புற்றுநோயை வென்றவர்கள் இருக்கும் வீடுகளில் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மாத்திரைகளோடு இதய மறுவாழ்வுப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார்கள். வாரம் மூன்று நாள், பன்னிரண்டு வாரம். துவாரகாவிலிருந்து போய்வர அரை நாள். எனக்கோ அலுவலகத்தில் விடுப்பு இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், பயிற்சியாளர் இந்தியில் என்ன கேட்டாலும் அம்மா சிரித்துக்கொண்டே "டீக் ஹை" என்பார். ஒரு நாள் வீட்டுக்கு வந்தபின், "அங்கேயே கண்ணை இருட்டிக்கிட்டு வந்துதுடா" என்றார். பகீரென்றது. மூன்றாவது வாரம் போவதையே நிறுத்திவிட்டோம்.

தயங்கித் தயங்கி இதய மருத்துவரிடம் சொன்னேன். ஈ.சி.ஜி.யும் ஆறு நிமிட நடைச் சோதனையும் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே வீடியோ மூலம் தொடர அனுமதித்தார். தமிழகத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் மாலை வேளைகளில் திரையில் வருவார். அறுவை செய்யாத பக்கத்துக் கையில் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வோம். தில்லியின் நவம்பர் புகையில் வெளியே போகாமல் கூடத்திலேயே நடை. "பேச்சு வரணும், பாட்டு வரக்கூடாது; அதுதான் அளவு" என்று அவர் சொன்ன கணக்கு அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் அம்மா, "நெஞ்சை அடைக்கிறாப்பல இருக்கும்மா" என்றார். உடனே பயிற்சியை நிறுத்தி எங்களை மருத்துவமனைக்கு அனுப்பினார். மருந்து மாற்றப்பட்டது. இந்தியில் கேட்டிருந்தால் அன்றும் "டீக் ஹை"தான்.

"திரையில் என்ன வைத்தியம்?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே. திரை நாடி பிடித்துப் பார்க்காது. இதயக் கோளாறு கடுமையாக உள்ளவர்கள் மருத்துவமனையில்தான் பயிற்சி செய்ய வேண்டும். மற்றவர்களும் முதலில் நேரில் சோதித்து, மருத்துவர் சம்மதித்த பின்பே தொடங்கலாம். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். 112 எண் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இத்தனைக்கும் உட்பட்டுச் சொல்கிறேன்: தூரத்தாலும் மொழியாலும் பாதியில் நின்றுபோகும் சிகிச்சையைவிட வீட்டில் ஒழுங்காக நடக்கும் சிகிச்சை மேல்.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் இதய ஆபத்து உள்ளோருக்கும் இத்தகைய மறுவாழ்வுப் பயிற்சி தேவை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2019-லேயே அறிக்கை தந்தது. மருத்துவர்கள் வீடியோவிலும் தொலைபேசியிலும் ஆலோசனை வழங்க நமது மத்திய அரசு 2020 மார்ச் 25-ல் நெறிமுறைகளை வெளியிட்டது. வழி திறந்தே இருக்கிறது. நோயாளியின் மொழியில் பேசும் ஒருவரைத் திரைக்கு அந்தப் பக்கம் அமர்த்துவது மருத்துவமனைகளுக்கு முடியாத காரியமா?

நம் சங்கமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. தமிழ் பேசும் மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கலாம். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் தனித்திருக்கும் முதியோருடன் பயிற்சி நேரத்தில் துணையாக உட்கார நம் இளைஞர்கள் முன்வரலாம். வரும் பொதுக்குழுவில் இதை முன்மொழிய இருக்கிறேன். அன்பர்கள் ஆதரவு தர வேண்டும்.

அம்மா இப்போது இரண்டு மாடி ஏறுகிறார், நடுவில் ஒரு முறை நின்று. எப்படி இருக்கிறது என்று சர்தாரிணி கேட்டால் பதில் உங்களுக்குத் தெரியும். இப்போது அதை நானும் நம்புகிறேன்.