உறைதல்

மார்கழி வைகறையில் அல்லிநகரத்து வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி வெள்ளையாய்க் கெட்டிப்பட்டு நிற்கும். "எண்ணெய் உறைந்துவிட்டது" என்று அதனை அடுப்பருகே வைக்கிறோம். வெப்பம் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே இறங்கினாலே அது உறையத் தொடங்கும். நம் பள்ளத்தாக்கு அறிந்த குளிர் அவ்வளவே.

போடிமெட்டைக் கடந்து மூணாற்றுக்குச் சென்றாலோ, கடுங்குளிர் நாட்களில் நீரே உறைந்து தேயிலைச் செடிகளின்மீது வெண்மையாய்ப் படிந்திருக்கும். காணச் செல்வோர்க்கு அது அழகு. தோட்டத் தொழிலாளர்க்குத் துன்பம். இலையினுள் நீர் உறைந்து உயிரணுக்கள் சிதைகின்றன. வெயில் ஏறியதும் கொழுந்து கருகுகிறது. குளிர் செய்த கேட்டிற்கு நெருப்பின் சொல்லை வழங்குவது விந்தையன்றோ!

ஆங்கிலத்தில் 'ஃபிரீஸ்' என்றதுமே குளிர் நினைவுக்கு வரும். தமிழில் உறைதலுக்குக் குளிர் கட்டாயமன்று. பாலுக்கு உறை ஊற்றும் தாய்மாரைக் கேளுங்கள். பால் இளஞ்சூடாக இருத்தல் வேண்டும் என்பர்; குளிர்நாளில் பாத்திரத்தைத் துணியால் சுற்றியும் வைப்பர். உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைப் புளிப்பாக்க, அப்புளிப்பினால் பால் திரள்கிறது. நீர் உறையக் குளிர், பால் உறைய வெதுவெதுப்பு, சொல் ஒன்றே. நெகிழ்ந்து ஓடியது ஓரிடத்தில் நிலைகொள்வதே இச்சொல்லின் உயிர் என்பது நம் எண்ணம். ஓரிடத்தில் தங்கி வாழ்வதும் உறைதலே. ஆதலால்தான் இல்லம் உறைவிடமாயிற்று.

வங்கிக் கணக்கை அசையாது நிறுத்துவதற்கும் ஆங்கிலேயர் அதே 'ஃபிரீஸை' வழங்குவர். நம் செய்தித்தாள்கள் அதனை 'முடக்கம்' என்றெழுதுகின்றன. பொருத்தமான சொல்லே, ஆயினும் அதனைக் கேட்டதும் பணமே போயிற்று என்று கலங்கும் முதியோர் உளர். முடங்கியது பணத்தை எடுக்கும் வழி மட்டுமே. ஈராண்டுகளுக்கு மேல் வரவு செலவின்றிக் கிடக்கும் கணக்கு வேறு வகை. அது செயலற்ற கணக்கு. பத்தாண்டுகள் அவ்வாறே கிடந்தால், தொகை ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய நிதிக்குச் சென்றுவிடும். அப்பொழுதும் உரியவரோ வாரிசோ தம் வங்கியின் வழியே கேட்டுப் பெறலாம்.

கதைகளில் அச்சம் மிகுந்தால் இரத்தம் உறைந்துபோகும். வயலில் இறங்கி உழைக்கும் நம்மவர் அஞ்ச வேண்டியதோ இரத்தம் உறையாமையை. கண்ணாடி விரியனின் நஞ்சு அவ்வாறு செய்யவல்லது. பாம்பு கடித்தவரின் இரத்தத்தில் சிறிதளவை உலர்ந்த, தூய கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடங்கள் வைத்துப் பின் சாய்த்துப் பார்க்கின்றனர் மருத்துவர். நீராய் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. நச்சுமுறி மருந்தைத் தாமதமின்றிச் செலுத்துவர். உறைந்திருந்தாலும் உடனே வீடு திரும்புதல் ஆகாது. நஞ்சு பிந்தியும் வேலை செய்யக்கூடுமாதலால் சோதனையை மீண்டும் செய்வர். நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சோ நரம்புகளைத் தாக்குவது. அதனை இச்சோதனை காட்டாது. கடிவாயைக் கீறுவதும், கயிற்றால் இறுக்குவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கே. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அதனினும் அருகில் நச்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கோ நேரே கொண்டுசெல்லுங்கள்.