பைப்பைக் கடைந்தால் துப்பாக்கி ஆகிவிடாது

போன மாதம் கும்மிடிப்பூண்டியில் பழைய சகா ஒருவரின் லேத் பட்டறைக்குப் போயிருந்தேன். ரிட்டயர் ஆனாலும் கட்டிங் ஆயில் வாசனை விடுவதில்லை, வாரத்துக்கு ஒருமுறை இழுத்துக்கொண்டு போய்விடும். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் ஒரு பெரியவர் வீட்டு ஷெட்டில் லேத் வைத்து, குழலின் வாய்வழியாகவே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்றைத் தன் தேவைக்கு ஏற்பச் செய்திருக்கிறார். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியின் அமைப்புதான். ஆனால் உள்ளே போடுவது கரிமருந்து இல்லை, புகையில்லா மருந்து.

"நூறு கஜத்துல மூணு குண்டும் கிட்டக்கிட்ட ஒரே எடத்துல போவுது சார். புகையே வரல. நம்ம லேத்துல இத பண்ண முடியாதா?"

சகாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஏன் முடியாது? நாம பண்ணாத வேலையா? என்ன அண்ணே சொல்றீங்க?" என்று என்னைப் பார்த்தார்.

பையன்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வயதில் எல்லாம் முடியும் என்றுதான் தோன்றும். என் சண்டை சகாவின் அந்தப் பெருமையோடுதான். அது எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை, வேறொருவர். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மருந்து விஷயம். கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கலவை. நம் மாவட்டத்துக்கு அது புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் அங்கேயே மருந்து தயாரித்துக் கப்பலில் வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். அந்த மருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கசடுமாகத்தான் போகும். அதனால் அதன் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு.

புகையில்லா மருந்தின் குணமே வேறு. 1884இல் பிரான்சில் வியேல் என்பவர் கண்டுபிடித்தது. பஞ்சை அமிலத்தில் பதப்படுத்தி வரும் நைட்ரோசெல்லுலோஸ்தான் அதற்கு அடிப்படை. நீலகிரியில் அருவங்காட்டில் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய கார்டைட் ஃபாக்டரி இந்த இனத்து மருந்துக்காகவே ஏற்பட்டது. இது கிட்டத்தட்ட முழுக்க வாயுவாக மாறும். அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும், அதனால் அழுத்தம் இன்னும் ஏறும். கரிமருந்தைக் கரண்டியில் அளந்து போட்ட பழக்கத்தில் அதே கரண்டியால் இதை அளந்தால், துப்பாக்கி குழாய்வெடி ஆகிவிடும்.

லாரி டயருக்கு நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்குச் சுமார் 110 பவுண்டு. நவீன ரைபிளின் அறைக்குள் அது 50 ஆயிரத்தைத் தாண்டும். நானூறு மடங்குக்கு மேல்! அதுவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் ஏறி இறங்கும். நம் ஆட்கள் சிலர் "பைப்புக்கு ஹைட்ரோ டெஸ்ட் பண்ணியிருக்கு" என்பார்கள். தண்ணீரை மெதுவாக ஏற்றிப் பிடிக்கும் அழுத்தமும் சம்மட்டி அடி மாதிரி விழும் அழுத்தமும் ஒன்றா? லேத்தில் நின்ற யாரும் அதை நம்பக் கூடாது.

இன்னொன்று. தோட்டா என்றால் கம்பெனிக்காரன் அளந்து அடைத்திருப்பான். அதற்குமேல் போட இடமே இருக்காது. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் அந்தக் காவல் கிடையாது. குழல் நீளத்துக்கும் கொள்ளும். ஒருமுறை கெட்டித்ததை மறந்து மறுமுறை கெட்டித்தால் வெளியே தெரியாது. குண்டு மருந்தின்மேல் உட்காராமல் நடுவில் நின்றாலும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும்.

இனி என் கதை.

1986. பகலில் ஒரு கம்பெனியில் டர்னர், ராத்திரியில் சின்னப் பட்டறை ஒன்றில் கூடுதல் வேலை. பெரியவளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். ஒருநாள் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கையில் ஒரு தடித்த பைப். உள்ளே போர் அடித்து, ஒரு முனையில் மரை வெட்டிக் கொடுக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "பம்புக்கு" என்றார். எனக்குத் தெரியும் அது பம்புக்கு இல்லை என்று. அவருக்கும் தெரியும் எனக்குத் தெரியும் என்று. வேர்க்கடலைக் கொல்லையைப் பன்றி உழுதுபோட்டிருந்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. வேலை சுத்தமாக இருந்தது. உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

நாலைந்து மாதம் கழித்து கவரைப்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரைப் பார்த்தேன். இடது கையில் மூன்று விரல் இல்லை. ஒரு கண் மூடியிருந்தது. என்னை அவரே அடையாளம் கண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "உன் வேல நல்லாத்தாம்பா இருந்துச்சு. மருந்துதான் எவனோ வேற எதையோ குடுத்துட்டான்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னார்! அந்தப் பைப் என்ன இரும்பு, எந்த ஹீட், உள்ளே கீறல் இருந்ததா, எனக்கு எதுவும் தெரியாது. நான் பார்த்தது அளவை மட்டும்தான். மைக்ரோமீட்டர் விட்டத்தைச் சொல்லும், உறுதியைச் சொல்லாது.

இதனால்தான் அந்த வீடியோவைப் பையன்கள் பார்த்த விதத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் பார்த்தது லேத்தை. அந்த அமெரிக்கப் பெரியவருக்கு முன்னால் நிற்கும் மற்றதை அவர்கள் பார்க்கவில்லை. அவருக்குக் குழல் இரும்பு துப்பாக்கிக்கென்றே உருக்கி, பதம் பார்த்து, சான்றிதழோடு வருகிறது. அங்கே பல மாநிலங்களில் வாய்வழித் துப்பாக்கிக்கென்று தனி வேட்டைப் பருவம் உண்டு. அதனால் 2000களின் தொடக்கத்தில் சாவேஜ் என்ற கம்பெனியே புகையில்லா மருந்துக்கான மாடல் ஒன்றை விற்றது. ஆனாலும் சில மாநிலங்களில் அந்தப் பருவத்தில் புகையில்லா மருந்துக்கு அனுமதி இல்லை.

மூன்று குண்டும் கிட்டக்கிட்ட விழுந்தது எப்படி? மருந்தை ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்துப் போடுகிறார். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அசையாமல் வைக்கிறார். குண்டின் வேகத்தைக் கருவியில் அளக்கிறார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிறார், மருந்தை மாற்றினால் குண்டை மாற்றுவதில்லை. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுகிறார். அதிக மருந்து போட்டால் அதிகத் துல்லியம் என்பது பாமர நம்பிக்கை. பெரும்பாலும் குறைந்த அளவில்தான் குண்டுகள் நெருங்கி விழும். வேகம் கூடுவதை அவர் கொண்டாடவில்லை, சந்தேகப்படுகிறார். அந்த வீடியோவில் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தச் சந்தேகம்தான். நம் பையன்களும் சகாவும் அதை விட்டுவிட்டு ஷெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

குழலைச் சோதிக்காமல் விற்கக் கூடாது என்பது புது யோசனையும் இல்லை. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637லேயே சாசனம் கிடைத்தது. பர்மிங்ஹாமில் 1813இல் சட்டம் போட்டே சோதனைச்சாலை திறந்தார்கள். வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடிக்கவைத்து, தாங்கிய குழலுக்குத்தான் முத்திரை. கைதேர்ந்த கொல்லர்கள் செய்த குழலையே அவர்கள் நம்பவில்லை. நாம் மட்டும் நம் கையை நம்ப வேண்டுமா?

நம் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டும் குற்றமல்ல, மாற்றுவதும் ரிப்பேர் பார்ப்பதும் சோதித்துப் பார்ப்பதும்கூடக் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, செய்தவனுக்குக் குறைந்தது ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள். "பம்புக்குன்னு சொன்னான்" என்ற பதில் இப்போது பட்டறைக்காரரைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள்.

இதற்கு எதிர்வாதம் வரும் என்று தெரியும். "நரிக்குறவர்கள் தலைமுறை தலைமுறையாக நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார்களே?" வைத்திருந்தார்கள். அவர்கள் கெட்டித்தது கரிமருந்து. அதன் அளவு அப்பனிடமிருந்து பிள்ளைக்குக் கைப்பழக்கமாக வந்தது. அந்த அனுபவத்தை வீடியோவில் வாங்க முடியாது. "பன்றித் தொல்லைக்கு என்ன வழி?" என்பார்கள். இது நியாயமான கேள்வி. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி லைசென்ஸ் கேட்க அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று முடிவெடுத்தது. அது மெதுவாகத்தான் நடக்கும், அலையவிடுவார்கள். அதற்காக அதிகாரிகளோடு சண்டை போடுங்கள், நானும் மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பட்டறைப் பைப் அதற்குக் குறுக்குவழி இல்லை.

அந்தப் பையன்களிடம் அன்று இவ்வளவும் சொல்லவில்லை. விவசாயியின் கையைப் பற்றி மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "குறி பார்த்துச் சுடுவதுதான் ஆசை என்றால் 20 ஜூலுக்குள் இருக்கும் .177 ஏர் ரைபிள் வாங்குங்கள் தம்பி, அதற்கு லைசென்ஸ் வேண்டாம். ரைஃபிள் கிளப்பில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். பெல்லட்டை ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள், நோட்டுப் போடுங்கள். அந்தப் பெரியவர் செய்யும் வேலையில் முக்கால் பங்கை அதிலேயே செய்யலாம்" என்றேன். ஒருவன் தலையாட்டினான். இன்னொருவன் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் வேறு பட்டறைக்குப் போயிருக்கலாம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இதைப் படிக்கும் பழைய டர்னர்கள், ஃபிட்டர்கள், சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்கள் பலர் என் கூட்டாளிகள். அவன் உங்களிடம் வந்தால், எதற்கு என்று கேளுங்கள். பம்புக்கு என்றால், "எந்தப் பம்பு, கொண்டுவந்து காட்டு" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்விதான்.