எருக்கு என்ன பாவம் செய்தது?

விநாயகர் சதுர்த்தி அன்று கடைத்தெருவில் எருக்கம்பூ மாலைக்கு நல்ல கிராக்கி. பேரம் பேசி வாங்கிப் போய் பிள்ளையாருக்குப் போடுகிறார்கள். அதே எருக்கு கொல்லைப்புறத்தில் தானாக முளைத்தால்? வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை! "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்பது கிராமத்துச் சாபம். பாழடைந்த வீட்டில்தான் எருக்கு வளரும் என்று ஒரு நம்பிக்கை. சாமிக்கு ஆகிற செடி வீட்டுக்கு மட்டும் ஏன் ஆகாது?

செலவுக் கணக்குப் பார்த்தால் எருக்கைப் போல ஒரு செடி கிடையாது. வேர் பிடித்த பிறகு தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம். ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது. வெயில் இருந்தால் போதும், ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பூக்கும்.

வரவு என்ன? கன்னங்கரேலென்று, 'ங்ங்ங்' என்ற சத்தத்தோடு பறந்து வரும் பெரிய வண்டைப் பலரும் பார்த்திருப்பார்கள். வண்டு என்று சொன்னாலும் அது ஒரு தேனீ வகைதான். காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுவதால் தச்சுத் தேனீ என்பார்கள். எருக்கம்பூவில் மகரந்தம் பொடியாக இருக்காது, சின்னப் பைகளாக இருக்கும். இந்த வண்டு தேன் குடிக்கும்போது அந்தப் பை அதன் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்விடும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியும் எருக்கிலையில்தான் விரும்பி முட்டையிடுகிறது.

இதில் கத்தரிக்காய்க்கு என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது. கத்தரிப்பூவில் மகரந்தம் நுனியிலுள்ள சின்ன ஓட்டை வழியாகத்தான் உதிரும். பூவை அதிரவைத்தால் நிறைய கொட்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது, கருவண்டுக்குத் தெரியும். ஆனால் கத்தரிப்பூவில் தேன் கிடையாது. வண்டு பசியாற வேறு பூ வேண்டும். வேலியோர எருக்கை வெட்டிவிட்டு, கத்தரிச் செடியில் பூ காயாகவில்லையே என்று கவலைப்பட்டால் எப்படி?

எருக்கம்பால் விஷம் என்பது உண்மைதான். கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் வளர்க்கவே கூடாது. கிளையை ஒடிக்கிறவர்கள் கையை நன்றாகக் கழுவ வேண்டும். ஆனால் அரளியும் விஷம்தானே! அதை வாசலிலேயே வைத்து வளர்க்கிறார்கள்.

இடம் இருப்பவர்கள் கொல்லைக் கோடியில் ஒரே ஒரு எருக்கை விட்டுவைக்கலாம். நட வேண்டியதுகூட இல்லை, பிடுங்காமல் இருந்தாலே போதும். அடுத்த சதுர்த்திக்கு மாலைச் செலவும் மிச்சம்!