கொள்ளிடத்தில் மிதந்த கார்

2025 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் எங்கள் கார் கொள்ளிடத்துக்குள் இறங்கியது. திரையில்தான். வெளியே பார்த்தால் நீளமான நான்கு வழிப் பாலம், பெயின்ட் வாசனை போகாத கைப்பிடிச் சுவர், நடுவில் வெள்ளைக் கோடு. உள்ளே டேஷ்போர்டில் பார்த்தால் நீல நிறத் தண்ணீர், அதன் நடுவே சிவப்பு அம்புக்குறி. சேத்தியாத்தோப்பு தாண்டியதிலிருந்தே இப்படித்தான். பச்சை வயலில் ஓடியது, ஓர் ஏரியைக் குறுக்கே கடந்தது, கடைசியில் ஆற்றில் விழுந்தது. வழி சொல்லும் அம்மாள் மட்டும் பதறவே இல்லை. “வென் பாசிபிள், மேக் எ யூ-டர்ன்” என்று கால் மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அந்தம்மா வாயைக் கொஞ்சம் அடைங்க” என்றாள் மனைவி. அவள் மடியில் போனில் வேறொரு அம்மாள் சரியான வழியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேத்தியாத்தோப்பு – சோழபுரம் நான்கு வழிச்சாலையைப் பிரதமர் திறந்துவைத்தது அந்த ஜூலை 26-ம் தேதி. ஐம்பது கிலோமீட்டர், ஊருக்கு ஊர் புறவழி. என் காரில் இருக்கும் மேப் 2012-ல் போட்டது. அதில் இந்தச் சாலைக்கு இன்னும் 45சி என்றுதான் பெயர். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010-லேயே எண் மாற்றிவிட்டார்கள், இது 36 ஆகிவிட்டது. அதுவே அந்த மேப்புக்குப் போய்ச் சேரவில்லை. மயிலாடுதுறையைத் தேட நாகப்பட்டினம் மாவட்டத்துக்குள் நுழைய வேண்டும். தென்காசி திருநெல்வேலிக்குள் இருக்கிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை கிடையாது, கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் கிடையாது.

இதைவிட வேடிக்கை, திரையின் மூலையில் இருந்த தேதி. ஜனவரி 15, 2006.

அன்றைக்கு மாட்டுப் பொங்கல். காலண்டரைத் தேடிப் பார்த்தேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமையேதான். கிழமையை மட்டும் சரியாக வைத்துக்கொண்டு தேதி, மாதம், வருடம் மூன்றையும் தொலைத்திருக்கிறது என் கார். காரணம் இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நமக்கு வருடம், மாதம் என்று சொல்வதில்லை; வார எண்ணைச் சொல்கின்றன. 1980 ஜனவரி 6-ல் பூஜ்யத்தில் ஆரம்பித்த கணக்கு. அந்த எண்ணுக்குப் பழைய சிக்னலில் ஒதுக்கிய இடம் பத்து பிட். 1023 வரை எண்ணலாம், அப்புறம் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒரு தடவை திரும்பியது, 2019 ஏப்ரலில் இன்னொரு தடவை. இது எத்தனையாவது சுற்று என்பதைக் கருவியே புரிந்துகொள்ள வேண்டும், கம்பெனி அதற்கு மென்பொருள் தர வேண்டும். தராவிட்டால் கார் 1024 வாரம் பின்னால் போய்விடும்.

நமக்கு இது புதிதா என்ன? தாத்தா ஜாதகத்தில் ‘விசுவாவசு’ என்று மட்டும் போட்டிருந்தால் அது 1905-ஆ, 1965-ஆ என்று வீட்டுப் பெரியவர்கள்தானே சொல்ல வேண்டும். ஜிபிஎஸ்ஸின் சுற்று அறுபது வருடம் இல்லை, இருபதுக்கும் சற்றுக் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். என் காருக்கு வீட்டுப் பெரியவர் யாரும் உயிரோடு இல்லை. ஆகவே அது 2006-ல் உட்கார்ந்துகொண்டு 2012-ம் வருட மேப்பைக் காட்டுகிறது. அதன் கணக்குப்படி ஆறு வருடம் முன்கூட்டியே வந்துவிட்ட மேப் அது. யூ-டர்ன் போடச் சொல்வதில் அதற்கு இருக்கும் தன்னம்பிக்கை இதனால்தானோ என்னவோ.

இந்த 2013 மாடல் காரை நான் 2018-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முதல் சொந்தக்காரர் டாப் மாடலாக எடுத்திருந்தார். டாப் மாடல் என்றால் அந்தக் காலத்தில் இந்தத் திரைதான். வாங்கிய அடுத்த வருடமே தேதி பின்னால் ஓடிவிட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டேன். “இந்த மாடலுக்கு சப்போர்ட் நிறுத்திட்டாங்க சார்” என்றார் அங்கிருந்த இளைஞர். பழுதா என்று கேட்டால் பழுதில்லை. பாகம் தேய்ந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. “போன்லயே பாத்துக்கலாமே சார்” என்றார், தன் போனைப் பார்த்துக்கொண்டே.

அவர் சொன்னது சரிதான். போன் போதும். ஆனாலும் என் பிடிவாதத்துக்கு இரண்டு நியாயம் வைத்திருக்கிறேன். ஒன்று, சித்திரை வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிய போன் அரை மணியில் சூடேறி மங்கிப்போகும். இரண்டு, காரோடு வந்த செட்டுக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது தெரியும், வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்ல ஒரு கைரோவும் உண்டு. மேம்பாலத்துக்கு அடியில் சிக்னல் விட்டுப்போனாலும் அது கணக்குப் போட்டுக்கொண்டே வரும். மூன்றாவது காரணம் மனைவிக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை.

அடுத்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கார் செட், சீட் கவர், ஹாரன் என்று சென்னையில் எது வேண்டுமானாலும் அங்கேதான் போக வேண்டும். கடைக்காரர் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“கம்பெனி செட்டு குலதெய்வம் மாதிரி சார். நாம கேக்கறத எப்ப குடுக்கும்னு தெரியாது. ஆனா இடத்தை மாத்த முடியாது.”

ரிவர்ஸ் கேமரா அதில்தான் வருகிறது, ஸ்டீரிங்கில் இருக்கும் பட்டன்கள் அதோடுதான் பேசுகின்றன. ஏசி எத்தனையில் இருக்கிறது என்பதையும் அதுதான் காட்டுகிறது. எடுத்துவிட்டு ஆண்ட்ராய்டு செட் போடலாம், கப்ளர் டு கப்ளர் மாட்டலாம், வயரை வெட்ட மாட்டோம் என்றார். ஏசி எண் மட்டும் தெரியாது. “குளிருதா இல்லையான்னு உடம்புக்குத் தெரியாதா சார்?” அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

கடைசி முயற்சி அக்கா மகன். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான், ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தான். “ஒரு எஸ்டி கார்டுதானே மாமா, ஃபைலை மாத்திப் போட்டா ஆச்சு” என்று உட்கார்ந்தான். சாயந்திரம் எழுந்தான். பழைய கார்டை அப்படியே எழுத்து பிசகாமல் புதுக் கார்டில் நகல் எடுத்தும் செட் ஏற்கவில்லை. ஒவ்வொரு எஸ்டி கார்டிலும் தொழிற்சாலையிலேயே பதித்த ஓர் அடையாள எண் இருக்கிறது, சாதாரணமாக நகல் எடுத்தால் அது கூட வராது. செட் மேப்பைத் திறக்கும் முன்னால் அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. “பூட்டு மேப்புல இல்ல மாமா, கார்டுல இருக்கு” என்றான். திருட்டு நகலைத் தடுக்க வைத்த பூட்டு. வைத்தவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது சாவியையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

அன்று அவன் சும்மா போகவில்லை. அலமாரியில் கிடந்த ஒரு பழைய கார்மின் கருவியைக் கண்டுபிடித்தான். அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் விட்டுப்போனது, கண்ணாடியில் ஒட்டவைக்கும் ரகம். அதற்கான மேப் ஃபைலின் அமைப்பை ஆர்வலர்கள் எப்போதோ பிரித்துப் பார்த்துவிட்டார்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்று ஒன்று இருக்கிறது. 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் என்ற ஆங்கிலேயர் ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவை வரைந்து சேர்க்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த மேப்பை கார்மினுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளும் இலவசம். அரை மணி நேரத்தில் அந்தக் கிழக் கருவி எங்கள் தெருமுனையின் மாவு மில்லைக் காட்டியது. காரில் இருக்கும் செட்டைவிட அது நான்கு வயது மூத்தது.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை வந்தது வருத்தம்.

மேப் என்பது படம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். துண்டு துண்டான சாலைகளின் பட்டியல். ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒருவழியா, இடது திரும்பலாமா, லாரி போகலாமா, பெயர் என்ன, இப்படி லட்சக்கணக்கில். யாராவது போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். அப்படிப் போய் அளந்தவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. எங்கள் வீடு ஆதம்பாக்கத்தில், பரங்கிமலை அடிவாரம். 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி நூறடி எஃகுச் சங்கிலியை வைத்து ஏழரை மைலை அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அடிப்படைக் கோடு போட்டது இந்தப் பக்கத்தில்தான். செயற்கைக்கோள் வந்த பிறகும் வேலை அடிப்படையில் மாறவில்லை. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோளுக்குக் கும்பகோணமும் தெரியாது, காஞ்சிபுரமும் தெரியாது. தான் எங்கே இருக்கிறேன், மணி என்ன. இந்த இரண்டை மட்டும் ஓயாமல் சொல்லும். அதை நான்கு கோள்களிடமிருந்து கேட்டால் நம் செட் தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது கார்டில் இருப்பதைப் பொறுத்தது. கோளுக்குச் சந்தா கிடையாது. கார்டுக்குத்தான் சந்தா.

அந்தச் சந்தாவுக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள். காரின் மேல் பெயர் ஒருவருடையது, செட் செய்தவர் இன்னொருவர், உள்ளே ஓடும் மென்பொருள் மூன்றாமவர், மேப் நான்காமவர். ஒவ்வொரு தடவையும் புது மேப்பை அந்தச் செட்டுக்கென்றே அரைத்து, சுருக்கி, ஓட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும். மேப்புக்குத் தங்க விலை இருந்தவரை செய்தார்கள். 2007-ல் நோக்கியா நாவ்டெக் என்ற மேப் நிறுவனத்துக்கு 810 கோடி டாலர் விலை பேசி, அடுத்த வருடம் வாங்கியது. 2009 அக்டோபரில் கூகுள் ஆண்ட்ராய்டு போனில் வழிகாட்டியை இலவசமாக விட்டது. கார்மின், டாம்டாம் பங்குகள் அன்றே சரிந்தன. 2015-ல் நோக்கியா தன் மேப் தொழிலை ஆடி, பிஎம்டபிள்யூ, டைம்லர் மூவரிடமும் 280 கோடி யூரோவுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியது. இந்தக் கணக்கில், 2013 மாடல் காருக்காக ஆதம்பாக்கத்தில் ஒருவன் காத்திருக்கிறான் என்பதை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

நினைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கார் பதினைந்து வருடம் ஓடும் என்று தெரிந்தே அதன் நெற்றியில் நான்கு வருட ஆயுளுள்ள ஒன்றைப் பதித்து விற்றார்கள், காசும் வாங்கிக்கொண்டார்கள். சரி. நிறுத்தும் நாளில் பூட்டையாவது திறந்துவிட்டுப் போகலாமே. கார்டு எண்ணைப் பார்க்காதே என்று சொல்லும் கடைசி மென்பொருள் ஒன்று போதும். மேப் வடிவத்தை விவரிக்கும் பத்துப் பக்கம் போதும். மீதியை என் அக்கா மகன் மாதிரிப் பையன்கள் ஒரு மழைக்கால விடுமுறையில் முடித்துவிடுவார்கள். சட்டம் போட்டு இதைக் கட்டாயமாக்கினாலும் தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

1985-ல் கலிஃபோர்னியாவில் ‘எடாக்’ என்ற நிறுவனம் காருக்கு ஒரு வழிகாட்டி விற்றது. ஜிபிஎஸ் முழுதாக வராத காலம். சக்கரச் சுற்றையும் திசைமானியையும் நம்பி ஓடிய கருவி அது. மேப் ஒலிநாடாவில். ஊர் தாண்டினால் கேசட் மாற்ற வேண்டும். எடாக் என்பது பசிபிக் தீவுக் கடலோடிகளின் சொல். அவர்கள் கணக்கில் படகு நகராது; படகு ஒரே இடத்தில் நிற்கிறது, தீவுகள்தான் பின்னால் நகர்ந்து போகின்றன. அந்தக் கருவியின் திரையிலும் அம்புக்குறி அசையாது, ஊர் சுழலும். என் காரிலும் அப்படித்தான். பதின்மூன்று வருடமாக அம்பு அங்கேயே நிற்கிறது. ஊர்தான் நகர்ந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மணி மூன்று. மனைவி போனை எடுத்தாள், சார்ஜ் இருந்தது, சிக்னலும் இருந்தது. “அணைக்கரை வழியா போலாங்க, மீன் வாங்கலாம்” என்றாள். அணைக்கரை பழைய சாலையில் இருக்கிறது. புறவழியில் ஏறாமல் உள்ளே திரும்பினேன். அம்புக்குறி ஒரு துள்ளு துள்ளி, மஞ்சள் கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. “கன்டின்யூ ஸ்ட்ரெய்ட்” என்றார் அந்தம்மாள். வாயை அடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அணைக்கரையின் கீழணைப் பாலத்தில் எதிரே ஒரு வண்டி வர, ஓரமாக ஒதுங்கி நின்றோம். அம்பும் நின்றது. தேதி ஜனவரி 15. மீன்காரம்மா விரால் கிலோ என்ன விலை என்று சொன்னதும், அந்த விலையையாவது 2006-ல் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.