ஊசியும் பனிமனிதனும்



"அடம் பிடித்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்!" நம் வீடுகளில் இம்மிரட்டலைக் கேளாத குழந்தை உண்டோ? மருந்தகத்தின் வாசலை மிதிக்கும் முன்பே அச்சத்தை நாமே விதைத்துவிடுகிறோம். பின்னர்த் தாதி ஊசியுடன் வரும்போது, "அழாதே" என்கிறோம்.

இவ்வச்சத்தையும் வலியையும் தணிக்க மருத்துவ உலகம் மெய்நிகர்க் கருவிகளை நாடுகிறது. சியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்னும் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் இம்முயற்சியைத் தொடங்கினர். அவர்கள் உருவாக்கிய 'ஸ்னோவேர்ல்டு' தீக்காயம் பட்டோருக்கானது. புண்ணைத் துடைத்துக் கட்டு மாற்றும் வேளையில், நோயாளி கருவியின் வழியே பனிப் பள்ளத்தாக்கில் உலவிப் பனிமனிதர்கள்மீது பனிப்பந்து எறிவார். வலியை உணர்வதற்கும் கவனம் வேண்டும். அக்கவனத்தைப் பனி கவர்ந்துகொண்டால் வலி தளர்கிறது.

எனினும் கருவியே அருமருந்து என்று எண்ணிவிடலாகாது. காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மீளாய்வு, 4 முதல் 18 வயதுவரையிலான 1,008 பேர் பங்கேற்ற 17 ஆய்வுகளைத் தொகுத்தது. சிலவற்றில் வலி குறைந்தது காணப்பட்டாலும், சான்றுகள் உறுதி குறைந்தவை என்றே அது முடித்தது.

என் கருத்து இதுதான். கருவி கவனத்தைத் திருப்பும், நம்பிக்கையை ஊட்டாது. "வெறும் விளையாட்டு" என்று சொல்லிக் கருவியை மாட்டிவிட்டு ஊசி குத்தினால், அடுத்த முறை குழந்தை கருவியைக் கண்டும் அஞ்சும். உண்மையை முதலில் சொல்ல வேண்டும்: "சற்று வலிக்கும், விரைவில் முடிந்துவிடும், நான் உடனிருப்பேன்."

பிட்ஸ்பர்க் சிறார் மருத்துவமனையில் டக் டீட்ஸ் என்னும் வடிவமைப்பாளர் ஸ்கேன் அறையையே கடற்கொள்ளையர் கப்பலாக மாற்றினார். அங்கே குழந்தையின் தலையில் எக்கருவியும் இல்லை, கதைதான் இருந்தது. கதை சொல்வது நமக்குப் புதிதா?

சாங்கியில் வாழும் பெற்றோர் பலர் குழந்தைக்குக் கடும் நோய் என்றால் புக்கிட் தீமா சாலையிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கே விரைகின்றனர். தீவின் கிழக்கு முனையிலிருந்து லிட்டில் இந்தியா வரையிலான அந்நெடும் பயணத்தில் கைத்தொலைபேசியைக் கொடுத்து வாயடைக்காமல், அங்கே என்ன நடக்கும் என்பதைத் தமிழிலேயே கதையாய்ச் சொல்லலாமே!

ஆசிரியர்க்கும் பங்குண்டு. குத்துகிறது, எரிகிறது, கடுக்கிறது, குடைகிறது, சுளீரென்கிறது என நம் மொழியில் வலிக்கு எத்தனை சொற்கள்! தொடக்கநிலை 5இல் பள்ளியிலேயே தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முந்தைய வாரம் இச்சொற்களைப் பாடமாக்குவோம். எங்கே, எப்படி வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாதி அச்சம் அகலும்; துணைக்கு வரும் பாட்டிக்கும் அதன் நோவு விளங்கும்.

நம் மருத்துவமனைகளில் மெய்நிகர்க் கருவி பெருகட்டும். அதன் குரல் தமிழிலும் ஒலிக்கட்டும். அதுவரை காத்திராமல், ஊசியைக் காட்டி மிரட்டுவதை இன்றே நிறுத்துவோம். அதற்குக் காசும் வேண்டா, கருவியும் வேண்டா.