கோரிக்கை மனு: பல்கலைக்கழக மதிலோரத் தெருக்களின் சீரமைப்பும் சேவைக் கட்டணமும்

பெறுநர்: மாநகராட்சி ஆணையர் அவர்கள், பல்கலைக்கழகப் பதிவாளர் அவர்கள்
அனுப்புநர்: செயலாளர், மதிலோரக் குடியிருப்போர் நலச் சங்கம்
பார்வை: இதே பொருள் பற்றி முன்னர் சமர்ப்பித்து, எழுத்தில் பதில் பெறாத எங்கள் மனுக்கள்



பல்கலைக்கழகத்தின் தெற்கு மதிலை ஒட்டிய தெருக்களில் வீட்டுவரி செலுத்திக் குடியிருப்போரும் கடை நடத்துவோரும் கூடிப் பதிவு செய்த சங்கம் எங்களுடையது.

மாநகராட்சியும் பல்கலைக்கழகமும் இணைந்து வளாகச் சுற்றுப்புறத்தை அபிவிருத்தி செய்ய வகுத்திருக்கும் கூட்டுத் திட்டத்தின் வரைவை வார்டு அலுவலகத்தில் பார்வையிட்டோம். அலங்கார வளைவும், பேவர் பிளாக் நடைபாதையும், மதில் நெடுக ஓவியங்களும் அதில் விஸ்தாரமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. நாங்கள் மனுமேல் மனுவாக எழுதிவந்த கழிவுநீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆதலால் முன்பு எழுதியவற்றையே மீண்டும் எழுத வேண்டியவர்களாகிறோம்.

முதல் மனுவில் நாங்கள் விண்ணப்பித்தது இது: எங்கள் தெருக்களின் அடியில் ஓடும் பாதாளச் சாக்கடைக் குழாய், இங்கிருந்த வீடுகளின் தேவையை மட்டும் கணக்கிட்டுப் பதிக்கப்பட்டது, பிற்காலத்தில் மதிலுக்கு உட்புறத்தில் விடுதி மேல் விடுதியாக எழுந்தபோது அவற்றின் கழிவுநீரும் அதே குழாயில் சேர்க்கப்பட்டதேயன்றி, குழாய் மாற்றப்படவில்லை. விளைவாக, காலையில் மாணவர்கள் குளிக்கும் வேளையில் மேன்ஹோல் மூடிகளைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் தெருவில் பெருகுகிறது. பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகள் செங்கல்மேல் கால் வைத்துத் தாண்டுகிறார்கள். தாழ்ந்த வீடுகளில் அது கழிப்பறை வழியாகவே உள்ளே ஏறுகிறது. இதற்கு எங்கள் வீடுகளே காரணம் என்று பொறியாளர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டமையால், அடுத்த மனுவில், கோடை விடுமுறையில் விடுதிகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில் இதே தெருக்கள் உலர்ந்திருப்பதையும், மாணவர்கள் திரும்பிய வாரத்திலேயே குழிகள் பொங்குவதையும் தேதிவாரியாகக் குறித்துப் படங்களுடன் இணைத்தோம். வீடுகளோ ஆண்டு முழுவதும் இருக்கின்றன. விடுமுறையில் குறைவது விடுதிகளின் நீர் ஒன்றே. அதன் பின்னும், மதிலுக்குள்ளிருந்து வருவது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என மாநகராட்சியும், மதிலுக்கு வெளியே ஓடுவது மாநகராட்சியின் பொறுப்பு எனப் பல்கலைக்கழகமும் சொல்லிவருகின்றன. மாணவர்மீது எங்களுக்கு எள்ளளவும் மனத்தாங்கல் இல்லை; எங்கள் வீடுகளில் வாடகைக்கு இருப்போரும் அவர்களே, எங்கள் கடைகளில் உண்போரும் அவர்களே.

எங்கள் பிரதான கோரிக்கை, இக்கழிவுநீரை அகற்றும் செலவுக்காகப் பல்கலைக்கழகம் மாநகராட்சிக்கு ஆண்டுதோறும் சேவைக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது. கல்விக் கட்டடங்களுக்குச் சொத்துவரி விலக்கு உண்டு என்பதே இதற்கு எங்களுக்குச் சொல்லப்படும் மறுமொழி. இந்திய அரசியலமைப்பின் 285ஆம் பிரிவு மத்திய அரசின் சொத்துக்களை உள்ளாட்சி வரியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது; அதனினும் உறுதியான விலக்கு ஏது? ஆயினும், ராஜ்கோட் மாநகராட்சிக்கும் மத்திய அரசுக்கும் நடந்த வழக்கில் 19-11-2009 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, வரி செலுத்தாத அந்தச் சொத்துக்களுக்கும், நகரின் சேவைகள் முழுமையாகப் பயன்படுமிடத்துச் சொத்துவரியில் 75 சதவீதமும், பகுதியளவில் பயன்படுமிடத்து 50 சதவீதமும், பயன்படாதவிடத்தும் மூன்றில் ஒரு பங்கும் சேவைக் கட்டணமாகச் செலுத்தப்பட வேண்டும். அவ்வாணை மத்திய அரசின் சொத்துக்களைப் பற்றியதென்பதையும், இப்பல்கலைக்கழகத்தை நேரே கட்டுப்படுத்தாதென்பதையும் நாங்கள் அறிவோம். அதில் அடங்கிய நியாயத்தையே நாங்கள் பற்றி நிற்கிறோம்: வரி வேறு, பெற்ற சேவைக்கான கட்டணம் வேறு, முன்னதில் விலக்குப் பெற்றவர் பின்னதிலும் விலக்குப் பெற்றவராகார். தேசத்தின் அரசாங்கமே ஏற்றுக்கொண்ட கடமையை ஒரு பல்கலைக்கழகம் மனமுவந்து ஒப்பந்தத்தினால் ஏற்பதற்கு எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது என்று முன்னரும் கேட்டிருந்தோம், இன்றும் கேட்கிறோம்.

அயல்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. வரிவிலக்குப் பெற்ற யேல் பல்கலைக்கழகம், ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய 13.5 கோடி டாலர் தருவதாக நியூ ஹேவன் நகரோடு 2021இல் உடன்பட்டது. நம்மிடமோ, உயர்கல்வி நிறுவனங்கள் கிராமங்களைத் தத்தெடுக்கும் உன்னத் பாரத் அபியான் 2014 முதல் நடந்துவருகிறது. அது போற்றத்தக்க பணி. அந்த அக்கறை மதிலோரத் தெருவுக்கும் உரியதென்பதே எங்கள் வேண்டுகோள்.

ஆகவே கூட்டுத் திட்டம் கையொப்பமாகும் முன், சேவைக் கட்டணத்தின் விகிதம் அதில் எழுதப்பட வேண்டும். அத்தொகை மாநகராட்சியின் பொதுநிதியில் கரைந்துபோகாமல் தனிக்கணக்கில் வைக்கப்பட வேண்டும். அதிலிருந்து முதற்செலவாக, விடுதிகளின் கழிவுநீருக்குத் தனிக்குழாய் பதித்து உந்து நிலையத்தில் சேர்க்க வேண்டும். அது முடியும்வரை புதிய விடுதி எதற்கும் எங்கள் தெருக்குழாயில் இணைப்புத் தரலாகாது. இக்கோரிக்கை நிறைவேறாமல் வளைவும் ஓவியமும் அமைவதை எங்களால் ஏற்க இயலாது.

மேலும், கூட்டுத் திட்டத்துக்கான குழுவில் குடியிருப்போருக்கு இரு இடங்கள் அளிக்க வேண்டும். தெற்கு வாயிலில் உள்ள தள்ளுவண்டிக்காரர்களை, 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் வழங்கும் முன் அகற்றலாகாது. மதிலோரத் தெருவிளக்குகளைப் பழுதுபார்க்க வேண்டும். விளையாட்டு மைதானத்தை விடுமுறை நாட்களில் எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும்.

தாங்கள் இருவரும் விடுதிகள் நிறைந்திருக்கும் ஒரு நாளில், காலை 7 மணிக்கு, எங்கள் தெருவில் கூட்டாய்வு நடத்தி, இம்மனுவுக்கு 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்
(சங்கப் பொதுக்குழுத் தீர்மானத்தின்படி)