அட்டையில் ஒரு நிறம், சுவரில் ஒரு நிறம்

பீங்கான் வேலை தெரிந்தவர்களிடம் நிறத்தைப் பற்றிப் பேசினால் அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டார்கள். கோபால்ட் ஆக்சைடு கறுப்புப் பொடிதான். கிளேஸ் எனும் பளபளப்புப் பூச்சில் கொஞ்சம் கலந்து சூளையில் சுட்டால், ஆழ்ந்த நீலமாக வெளியே வரும். தாமிர ஆக்சைடும் கறுப்புதான். சூளையில் காற்று தாராளமாக இருந்தால் பச்சை தரும். காற்றைக் குறைத்துச் சுட்டால் அதே தாமிரம் சிவப்பாகவும் மாறும். அதனால்தான் எந்தப் புதுக் கலவையையும் முதலில் ஒரு சின்ன மாதிரித் துண்டில் பூசிச் சுட்டுப் பார்ப்பது அந்தத் தொழிலில் பழக்கம். செராமிக் தொழிற்பேட்டையும் அரசின் செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும் இருக்கிற விருத்தாசலத்தில் இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் வீட்டுக்குப் பெயின்ட் என்று வந்துவிட்டால், அதே ஊரிலும் கதை வேறு. கடையில் ஷேடு கார்டை விரித்துவைத்து, தீப்பெட்டி அளவுச் சதுரத்தைப் பார்த்து, பத்தே நிமிஷத்தில் நான்கு அறைக்கும் முடிவு செய்துவிடுகிறார்கள். அம்மாவுக்குச் சந்தன நிறம். கல்லூரி படிக்கும் மகளுக்கு செல்போனில் பார்த்த சாம்பல் நிறம். அப்பாவுக்கு எது மலிவோ அது. எந்திரத்தில் சாயம் கலந்து கொடுத்த டப்பாவைப் பொதுவாகக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. பூசி முடித்த பிறகுதான், ‘கடையில் பார்த்தது இது இல்லையே’ என்ற பேச்சு வீட்டில் தொடங்கும்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. சின்னச் சதுரத்தில் மென்மையாகத் தெரியும் நிறம், நான்கு சுவரிலும் ஏறும்போது ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பித் தன்னைத்தானே கூட்டிக்கொள்கிறது. அதனால் அட்டையில் பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரியும். போதாததற்கு எமல்ஷன் காய்ந்ததும் பெரும்பாலும் ஒரு படி கறுக்கும். சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர். வெள்ளையடித்த அன்று சுவர் அழுது வடியும். ஈரம் காய்ந்த பிறகுதான் பளீரென்று வெளுக்கும். அந்தச் சுண்ணாம்பிலும் ஒரு சிட்டிகை நீலம் கலந்தார்களே, அதுவும் நிறக் கணக்குதான். மங்கிய மஞ்சள் சாயலை நீலம் அடக்கிவிட, கண்ணுக்கு வெள்ளை கூடுதல் வெள்ளையாகத் தெரியும். சலவைக்குப் போட்ட நீலமும் செய்தது இதைத்தான்.

அடுத்தது வெளிச்சம். வெளிநாட்டு வீடியோக்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாடம் உண்டு: வடக்குப் பார்த்த அறைக்கு வெயில் வராது, குளிர்ச்சியாகத் தெரியும், அதனால் மஞ்சள், ஆரஞ்சு மாதிரி வெதுவெதுப்பான நிறம் பூசுங்கள் என்று. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது பொருந்தும். விருத்தாசலம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் பதினொன்றரை பாகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை இங்கே உச்சி வெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாய்கிறது. கத்திரி வெயில் காலத்தில் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். அந்த அறைக்கு மேலும் ஆரஞ்சு பூசினால் மே மாதத்தில் உள்ளே உட்கார மனசு வராது. வெளிர் பச்சையோ நீலம் கலந்த வெள்ளையோ அங்கே இதமாக இருக்கும்.

மேற்கு அறைதான் நம் வீடுகளில் உண்மையான சோதனை. மூன்று மணிக்கு மேல் வெயில் மஞ்சளாகி உள்ளே விழும். காலையில் அழகாக இருந்த பீச் நிறம் மாலையில் காவி மாதிரி எரியும். அந்த அறையில் மஞ்சளும் சிவப்பும் இல்லாத நிறமே பிழைக்கும்.

வெளியே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜன்னலை ஒட்டி வேப்பமரம் இருந்தால் அறைக்குள் பச்சைச் சாயல் வரும். எதிர் வீட்டுக்காரர் முகப்புக்குக் கிளிப்பச்சை அடித்திருந்தால் அதில் ஒரு பங்கு நம் கூடத்துச் சுவருக்கும் இலவசம். பழைய வீடுகளின் சிவப்பு சிமென்ட் தரை, சுவரின் கீழ்ப்பாதியை இளஞ்சிவப்பாக்கும்.

இரவில் எல்லாமே மாறும். எல்.இ.டி. பல்பின் பெட்டியில் 3000 கே, 6500 கே என்று அச்சிட்டிருப்பார்கள். 3000 மஞ்சள் கலந்த வெளிச்சம். 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் அதிகம் மாட்டுவது இந்த 6500-ஐத்தான். அதன் கீழே சந்தன நிறம் மஞ்சளை இழந்து சாம்பல் தட்டும். பெயின்டை மாற்றும் முன் பல்பை மாற்றிப் பார்த்துவிடலாம். செலவு அதில்தான் குறைவு.

ஆக, பீங்கான்காரர்களின் மாதிரித் துண்டு வீட்டுக்கும் வேண்டும். தேர்ந்த இரண்டு மூன்று நிறத்தில் சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகையிலோ கெட்டி அட்டையிலோ இரண்டு கோட்டு அடித்து, சுற்றிலும் நாலு விரல் வெள்ளை விட்டுக் காயவைக்க வேண்டும். நேராகப் பழைய சுவரிலேயே பூசிப் பார்த்தால் கண் ஏமாறும். பழைய ரோஸ் நிறத்துக்கு நடுவே எந்தச் சாம்பலும் பச்சையாகத்தான் தெரியும். பலகையை ஒவ்வொரு சுவராக நகர்த்தி, காலை ஏழு, நண்பகல், மாலை நான்கு, விளக்குப் போட்ட பிறகு என்று இரண்டு நாள் பார்த்தால் வீட்டில் பாதிச் சண்டை தானாக ஓய்ந்துவிடும். மீதிப் பாதி வாஸ்து பற்றியது. அதில் யார் தலையிட முடியும்? திசைக்குச் சொன்ன நிறத்திலேயே பத்து வெளிர் சாயல்கள் கிடைக்கின்றன. அவற்றில் பலகைச் சோதனையில் தேறியதை எடுத்துக்கொண்டால் இரண்டு தரப்பும் ஜெயித்த மாதிரி.

வீட்டில் வயதானவர் இருந்தால், அழகுக்கு முன்னால் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வயதாக ஆக விழிவில்லை மஞ்சளாகும். கண்புரை இருந்தால் இன்னும் அதிகம். அந்தக் கண்ணுக்கு நீலம் மங்கும். வெளிர் நீலம், வெளிர் பச்சை, சாம்பல் மூன்றும் ஒன்று போலத் தெரியும். புரை அறுவை முடிந்து வந்த பாட்டி, ‘எப்ப வெள்ளையடிச்சீங்க?’ என்று கேட்பது வேடிக்கை இல்லை. அவருக்கு அன்றுதான் அந்தச் சுவர் வெள்ளையாகத் தெரிகிறது. இப்போது பலருக்கும் பிடித்திருக்கிற பாணி, சுவர், கதவு, நிலை, தரை எல்லாம் ஒரே கிரீம் நிறம். படத்தில் நன்றாக இருக்கும். இரவில் கழிவறைக்கு எழுந்து போகும் எண்பது வயதுக்காரருக்கு, வாசல் எங்கே முடிகிறது, படி எங்கே இறங்குகிறது என்று அதில் தெரியாது. நிலைக்கும் கதவுக்கும் சுவரைவிட நன்றாக அழுத்தமான நிறம், படியின் விளிம்பில் ஒரு கோடு, கழிவறைச் சுவரில் கைப்பிடி தனித்துத் தெரிகிற மாதிரி நிறம். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

குழந்தை இருக்கிற வீட்டில் பழைய எனாமல் கதவும் ஜன்னல் கம்பியும் கவனிக்க வேண்டியவை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி வகுத்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமலில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். புது நிறம் ஏற வேண்டுமென்று அதைக் காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் பறக்கும். ஈரம் செய்து தேய்க்கச் சொல்வதும், அந்த இரண்டு நாள் குழந்தையையும் கர்ப்பிணியையும் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்புவதும், திரும்பி வரும் முன் தரையை ஈரத் துணியால் இரண்டு தடவை துடைப்பதும் அவசியம். புது டப்பா வாங்கும்போது அதில் ஈயம் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிடலாம்.

இன்னொரு சங்கடம் பொங்கல். ஊரே மார்கழியில்தான் பெயின்டரைத் தேடுகிறது. அப்போதுதான் வடகிழக்கு மழை முடிந்து சுவர் தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்கும். சுண்ணாம்பு அடித்த காலத்தில் பிரச்சினை இல்லை. சுவர் மூச்சு விட்டுத் தானாகக் காய்ந்துகொள்ளும். எமல்ஷன் மேலே ஒரு தோல் மாதிரி மூடிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி தேடிக் கொப்பளம் கட்டும், உப்புப் பூக்கும். எவ்வளவு அழகான நிறம் தேர்ந்தாலும் அடுத்த ஆடிக்குள் அது செதில் செதிலாகக் கீழே கிடக்கும். சந்தேகம் இருக்கும் சுவரில் ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பார்க்க வேண்டும். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் பெயின்டருக்கு விடுமுறை. பொங்கலுக்கு அந்த ஒரு சுவர் மட்டும் பழைய நிறத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், மாசியில் அடித்துக்கொள்ளலாம்.

தேர்ந்த நிறத்தின் எண், கம்பெனிப் பெயர், பேஸ், தேதி நான்கையும் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டிவைத்தால் பிறகு உதவும். அடுத்த வருஷம் ஆணி அடித்த ஓட்டையைப் பட்டி வைத்து மூடும்போது யாருக்கும் அந்த எண் நினைவிருக்காது.